வாசுகியின் தலைப்பக்கம்

மார்ச் 9, சனி. இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பாற்கடல் கடைந்த கதையில் வாசுகிப் பாம்பின் தலையைத் தேவர்களிடமும் வாலை அசுரர்களிடமும் கொடுத்துவிட்டேன். மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். பலகையில் படம் வேறு வரைந்து காட்டினேன். வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போதுதான் உறைத்தது. அதற்குள் பிள்ளைகள் எல்லாரும் தப்பான பாம்போடு வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நாட்குறிப்பில் இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். பிறகு திறந்து, 'சின்னத்' என்ற சொல்லை அடித்தாள். இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்று தோன்றவே, அடித்ததற்கு மேலேயே மறுபடியும் எழுதினாள்.

அவள் அப்படித்தான். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபின், அணைத்தோமா என்று எழுந்து விளக்கைப் போட்டுப் பார்க்கிற ரகம். அதனால் சித்தி அவளுக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. காப்பகத்துப் பிள்ளைகள் வைத்த பெயர் 'கதை அக்கா'. இந்த இரண்டாவது பெயருக்குத் தான் தகுதிதானா என்பது அவளுடைய நிரந்தரச் சந்தேகங்களில் ஒன்று.

பகலில் அவளுக்குச் சித்தியோடு சலவைக்கூடத்தில் வேலை. ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புவார்கள். மாலையில் மழலையர் ஆசிரியர் பயிற்சி வகுப்பு. மேல்மாடியில் வகுப்பு, கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம். இரண்டையும் நடத்துகிறவர் ஒரே மேடம்தான். எழுத்துத் தேர்வில் அவள் தேறிவிட்டாள். மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு. ஆளுக்கொரு பொருளாகப் பிரித்துக் கொடுத்ததில் அவளுக்கு வந்தது, புராணக் கதைகளைச் சின்னப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது. மேடம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கதை முடிகிறவரை பிள்ளைகள் கதையை விட்டு எழுந்து போகக் கூடாது.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. முதல் தடவை அவள் துருவன் கதையைச் சொன்னாள். சிற்றன்னை அவனை அப்பாவின் மடியிலிருந்து இறக்கிவிட்டாள், துருவன் அழுதான், காட்டுக்குப் போனான், ஒற்றைக் காலில் நின்றான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் குப்பை வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் ஜன்னலுக்குப் பாய்ந்துவிட்டது. வண்டி தெருமுனை திரும்பியபின்னும் ஒருவரும் உட்காரவில்லை. மேடம் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு எழுந்து போனார். துருவன் இன்னும் அந்தக் காட்டிலேயே நிற்கிறான்.

இது இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது கிடையாது. தேறினால் அதே காப்பகத்தில் உதவி ஆசிரியை வேலை காத்திருந்தது. தேறாவிட்டால் ஆயுசுக்கும் படுக்கை விரிப்பு. பாற்கடல் கதையை இரண்டு சனிக்கிழமைகளாகப் பிரித்திருந்தாள். முதல் பாதி இன்று முடிந்தது. இரண்டாம் பாதியை வரும் சனிக்கிழமை மேடம் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அந்த இரண்டாம் பாதியில்தான் வாசுகி பெருமூச்சு விட, அதன் அனலும் புகையும் தலைப்பக்கம் நிற்கிற அசுரர்களைச் சுட வேண்டும். தலைப்பக்கம் தேவர்கள் நின்றால் கதை எங்கே போவது?

திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் சித்தி அவள் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னடி, மூஞ்சி கசங்கின துணி மாதிரி இருக்கு? மிஷின்ல விட்டு எடுக்கவா?"

"பாம்பை மாத்திக் குடுத்துட்டேன் சித்தி."

"எந்தப் பாம்பை? யார்கிட்ட?"

அவள் விவரத்தைச் சொன்னாள். சித்தி கேட்டுக்கொண்டே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தாள்.

"இதுக்கா ராத்திரியெல்லாம் புரண்டு படுத்தே? அடுத்த வாரம் சத்தமில்லாம திருப்பி வச்சுடு. வாண்டுங்க, என்ன கண்டுபிடிக்கப் போகுது?"

"வக்கீல் இருக்காளே!"

வக்கீல் என்பது ஒரு பெண் குழந்தை. இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டும் விழுந்த வாய். ஆனால் அந்த வாயிலிருந்து வருவதெல்லாம் குறுக்கு விசாரணை. பாற்கடல் என்றதும், "வெயில்ல பால் திரிஞ்சு போகாதா?" என்றாள். மலையைத் தூக்கிக் கடலில் போட்டார்கள் என்றதும், "பால் வெளிய கொட்டிச்சே, யாரு தொடச்சாங்க?" என்றாள். பாம்பு சத்தமில்லாமல் திரும்பிப் படுத்தால் அவளுக்குத் தெரியாமலா போகும்?

சித்தியும் அவளும் விரிப்பை மடிக்கத் தொடங்கினார்கள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். தேய்க்கும் உருளை மிஷினின் வாயிலிருந்து அது கொதிக்கக் கொதிக்க வெளியே வரும். வாய்ப்பக்கம் ஒருத்தி, வாசல் பக்கம் ஒருத்தி. "இழு... விடு... இழு... விடு..." என்று சித்தி குரல் கொடுக்க, ஒருத்தி இழுக்கும்போது மற்றவள் தளர்த்த வேண்டும். அப்படி இரண்டு இழுப்பில் சுருக்கம் போய்விடும். வாய்ப்பக்கம் நிற்பது எப்போதும் அவள்தான். வாசல் பக்கம், காற்றாட, சித்தி.

"ஆமா, உனக்கு எப்படி தேவர்கிட்ட தலையைக் குடுக்கணும்னு தோணுச்சு?"

"நல்லவங்களுக்கு நல்ல பக்கம்னு நெனச்சுட்டேன் போல."

"சூடா மூச்சு விடுற பக்கம் நல்ல பக்கமா?"

"நீங்கதானே சித்தி சொன்னீங்க! மிஷின் வாய்ப்பக்கம் நிக்கிறதுதான் கௌரவம், தேர்ந்த கைக்குத்தான் குடுப்பாங்கன்னு. முதல் நாள் நீங்க அங்க நின்னுக்கிட்டு நகரவே மாட்டேன்னீங்க. நான் அழாத குறையா கேட்டு வாங்கினேன்."

சித்தி கையிலிருந்து விரிப்பு நழுவியது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"அடி மக்கு! இன்னுமா அதை நம்பிக்கிட்டு இருக்கே? அங்க அடிக்கிற சூடு தாங்காம நான் கட்டிவிட்ட கதைடி அது. போய் நில்லுன்னு சொன்னா நீ நிப்பியா? 'எனக்கு மட்டும் ஏன்'னு கேப்பே. அதான் நான் முதல்ல ஓடிப்போய் நின்னுக்கிட்டு, தர மாட்டேன்னு பிகு பண்ணினேன்."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை நாள் வெந்ததெல்லாம் இதற்குத்தானா! வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"சித்தி, இன்னொரு தடவை சொல்லுங்க. முதல்ல நீங்க போய் நின்னீங்க."

"ஆமா."

"நான் வந்து சண்டை போட்டேன்."

"போட்டே. நல்லாவே போட்டே."

"அப்புறம் நீங்க விட்டுக் குடுத்தீங்க."

"விட்டுக் குடுக்கிற மாதிரி குடுத்தேன். ஏன்டி, கண்ணெல்லாம் இப்படி விரியுது?"

வகுப்பு நூலகத்தில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதையிலும் அதேதான் நடந்தது. முதலில் தலையைப் பிடித்தவர்கள் தேவர்களேதான். திருமால் முன்னே போய்ப் பிடிக்க, அவர்கள் பின்னாலேயே போனார்கள். அசுரர்கள் வந்து, வாலைப் பிடிக்க நாங்கள் என்ன மட்டமா என்று கொதித்தார்கள். திருமால் சிரித்துக்கொண்டே தலையை விட்டுக் கொடுத்தார். போன சனிக்கிழமை அவள் வரைந்த படம் தப்பில்லை. பாதியில் நின்ற படம். அவ்வளவுதான்.

"சித்தி, நீங்க மகாவிஷ்ணு!" என்று கத்தினாள்.

"அதை உங்க சித்தப்பாகிட்ட வந்து சொல்லு" என்றாள் சித்தி, விழுந்த விரிப்பைப் பொறுக்கிக்கொண்டே.

அந்த வாரம் முழுக்க வேலை நடந்தது. கழித்துப் போட்ட விரிப்புகளை மேலாளரிடம் கேட்டு வாங்கினாள். அவற்றை முறுக்கி முடிந்ததில் கைப்பருமனுக்கு ஒரு பாம்பு உருவானது. தலையணை உறை தலையாயிற்று. சித்தி பெரிய கறுப்புப் பொத்தான்களைக் கண்ணாகத் தைத்துக் கொடுத்தாள். மிஷின் விஷயத்தில் ஏமாற்றியதற்குப் பரிகாரம் என்றாள். சோப்புக் கரைசல் வந்த காலி உருளைப் பீப்பாய்தான் மந்தர மலை. வாசுகியின் வாய்க்குள் ஒளித்து வைக்க, துணி தேய்ப்பவர்கள் தண்ணீர் தெளிக்கும் விசைப்புட்டி ஒன்று. எல்லாம் தயார். வெள்ளி இரவு, புட்டியில் தண்ணீர் ஊற்றினோமா என்று எழுந்து பார்த்தாள். ஊற்றித்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை. காப்பகத்தின் நடு அறையில் பாய் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பின்சுவரோரம் மேடம், மடியில் அட்டை, கையில் பேனா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல், கொண்டுவந்த மூட்டையை முன்னால் இழுத்து வைத்தாள்.

"போன வாரம் எங்க விட்டோம்?" என்று தொடங்கினாள்.

"தேவர் தலை, அசுரர் வால்" என்றாள் வக்கீல், நேரில் பார்த்த சாட்சி போல.

மேடத்தின் புருவம் உயர்ந்தது. பேனா தாளைத் தொட்டது. அவள் அதைப் பார்க்காத மாதிரி, ஜன்னல் பக்கத்துப் பிள்ளைகளைத் தேவர்களாக்கினாள். கதவுப் பக்கம் அசுரர்கள். வக்கீல் கதவுப் பக்கம். மூட்டையைப் பிரித்து வாசுகியை வெளியே இழுத்தாள். பாம்பு வரவர "ஓ" என்ற சத்தமும் நீண்டுகொண்டே போனது. பீப்பாயைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, தலையைத் தேவர்களிடமும் வாலை அசுரர்களிடமும் கொடுத்தாள்.

இப்போது தலையின் பெருமையைப் பாடி, அசுரர்களை உசுப்பிவிட வேண்டும். அதற்கென்று பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் வக்கீல் எழுந்துவிட்டாள்.

"அக்கா, நாங்க எதுக்கு வாலைப் பிடிக்கணும்?"

"ஏன், வாலுக்கு என்ன?"

"அது பாம்பு கக்கா போற இடம்" என்றான் பக்கத்தில் இருந்த ஒருவன். அசுரர் படை மொத்தமும் வாலைக் கீழே போட்டுவிட்டது.

"அவங்களுக்குக் கண்ணு வச்ச பக்கம், எங்களுக்கு இந்தப் பக்கமா? நாங்க என்ன மட்டமா?" வக்கீலின் பின்னல் இரண்டும் ஆடின. "தலையைக் குடுத்தாத்தான் இழுப்போம். இல்லேன்னா நீங்களே கடைஞ்சுக்கோங்க!"

படித்த கதையில் அசுரர்கள் பேசியதை, படிக்காமலே, அப்படியே பேசினாள் குழந்தை. கதை அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அடுத்த கணமே இடி இறங்கியது. தேவர்கள் தலையைக் கட்டிக்கொண்டார்கள்.

"தர மாட்டோம்! அக்கா எங்களுக்குத்தான் குடுத்தாங்க!"

இதை அவள் யோசிக்கவே இல்லை. தேவர்கள் விட்டுக் கொடுக்காவிட்டால்? இரண்டு கட்சியும் நெருங்கிவிட்டன. ஒருவன் அடுத்தவன் சட்டையைப் பிடித்துவிட்டான். பேனா விறுவிறுவென்று ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்டது, அல்லது கேட்பது போல் இருந்தது. சித்தி என்ன செய்திருப்பாள்?

அவள் தேவர்கள் நடுவில் குந்தி உட்கார்ந்தாள். தலைகளை ஒன்றாகக் கூட்டி, காதோடு சொன்னாள்: "குடுத்துடுங்க. உள்ள ஒரு வேடிக்கை வச்சிருக்கேன். யார் பிடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் அது. சிரிக்காம குடுக்கணும். முடியுமா?"

தேவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்திக்கு மட்டும் தோள் குலுங்கியது. பிறகு, பெரிய தியாகம் செய்கிற முகத்தோடு தலையை நீட்டினார்கள். அசுரர்கள் வெற்றிக் கூச்சலோடு பறித்துக்கொண்டார்கள். பாம்பு அறையைச் சுற்றித் திரும்பி, சேர வேண்டிய கைகளில் போய்ச் சேர்ந்தது.

"இழுங்க!" என்றாள்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தன. மலை தடாலென்று சாய்ந்தது.

"மலை முழுகிடுச்சு!" என்று அவளே கத்திவிட்டாள். "கதையிலயும் முழுகிச்சு! அடியில ஒரு ஆமை வேணும். பெருமாளே ஆமையா வந்தாரு. யாரு ஆமை?"

"நான்!" என்றான் ராக்கெட். ஒரு இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதால் கிடைத்த பெயர் அது. இவனா ஆமை என்று அவள் தயங்கினாள். ஆனால் அவன் குப்புறப் படுத்து, பீப்பாயின் அடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணையும் மூடிவிட்டான். பூமியே பெயர்ந்தாலும் பெயர மாட்டான் போல இருந்தது.

"இப்ப கேளுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா இழுத்தா மலை சுத்தாது. அவங்க இழுக்கும்போது நீங்க விடணும். நீங்க இழுக்கும்போது அவங்க விடணும். இழு... விடு... இழு... விடு..."

சலவைக்கூடத்தின் தாளம் அறைக்குள் வந்தது. பீப்பாய் ஒரு பக்கம் அரைச் சுற்று, மறுபக்கம் அரைச் சுற்று என்று கடகடவென்று சுழலத் தொடங்கியது. பிள்ளைகளின் குரல் ஒன்றாய்ச் சேர்ந்தது. "இழு! விடு! இழு! விடு!"

அப்போதுதான் தெருவில் மணி அடித்தது. குப்பை வண்டி.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். மணிச் சத்தம் நெருங்கியது, ஜன்னலுக்கு நேராக வந்தது, வண்டிக்காரர் யாரையோ அழைத்தார், மூடி திறந்து மூடிய சத்தம் கேட்டது. "இழு! விடு!" ஒரு தலை திரும்பவில்லை. ஆமை மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, மூடிக்கொண்டது. வண்டி தெருமுனை திரும்பிப் போயே போய்விட்டது.

அவள் தலையணை உறைக்குள் கையை விட்டு விசையை அழுத்தினாள்.

"புஸ்ஸ்ஸ்!"

வாசுகி மூச்சு விட்டது. முதல் வரிசை அசுரர்களின் முகமெல்லாம் தண்ணீர். வீல் என்று ஒரு கத்தல், பிறகு கூரை பிய்ந்துகொள்கிற மாதிரி சிரிப்பு. தேவர்கள் இத்தனை நேரம் அடக்கி வைத்ததை அவிழ்த்து விட்டார்கள். வக்கீல் நனைந்த முகத்தோடு நிமிர்ந்தாள்.

"இதுல ஏமாத்து இருக்கு! தெரிஞ்சேதான் குடுத்தாங்க!"

"நீதானே கேட்டு வாங்கினே!" என்றது தேவர் பக்கம்.

வக்கீல் பின்னல் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஒரு வழக்கில் தோற்றது அது முதல் தடவையாக இருக்கலாம்.

"கடைஞ்சுக்கிட்டே இருங்க" என்று கதை அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அமுதம் வரும்னு பாக்குறாங்க. ஆனா முதல்ல வந்தது விஷம். கருநீலமா, கொதிச்சுக்கிட்டு. தேவர்னு பாக்காது, அசுரர்னு பாக்காது. என்ன பண்ணுவீங்க?"

பாம்பு இரு பக்கமும் கீழே விழுந்தது. "யாராவது குடிச்சிடணும்" என்றான் ஒருவன். "யாரு குடிப்பா?" "அப்பதான் எல்லாரும் சிவன்கிட்ட ஓடினாங்க" என்றாள் அவள்.

"அவரு எந்தக் கட்சி?" வக்கீல் மீண்டுவிட்டாள்.

"இந்தக் கட்சியும் இல்ல, அந்தக் கட்சியும் இல்ல."

வக்கீல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பார்வை பின்சுவரில் போய் நின்றது. "மேடம்தான் எந்தக் கட்சியும் இல்ல!"

நிறுத்துவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. தேவர்களும் அசுரர்களும் கலந்துகட்டி ஓடினார்கள். "மேடம், எங்களைக் காப்பாத்துங்க! குடிங்க மேடம்!" விஷத்துக்கென்று வைத்திருந்த காலிக் குவளையும் நீலத் துணித் துண்டும் எப்படியோ அவர்கள் கையில் இருந்தன. கதை அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். முடிந்தது. தேர்வாளரையே இழுத்துவிட்டார்கள்.

மேடம் குவளையைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பேனாவை மூடி அட்டையைக் கீழே வைத்தார். குவளையை வாங்கி ஒரே மடக்காகக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணை உருட்டி, தொண்டையைப் பிடித்துக்கொண்டார். வக்கீல் எட்டி, நீலத் துணியை அவர் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

"விஷம் அங்கயே நின்னுடுச்சு" என்றாள் கதை அக்கா. "உள்ளயும் போகல, வெளியவும் வரல. அதனாலதான் அவர் கழுத்து இன்னைக்கும் நீலம். அதுக்கப்புறம்தான் அமுதம் வந்துச்சு."

பிள்ளைகள் கைதட்டிய தட்டில் ஆமை எழுந்துவிட்டான்.

ஆரவாரம் அடங்கியபின் வக்கீல் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, ஒரு கேள்வி. தேவர் முதல்ல பிடிச்சு அப்புறம் மாத்தினாங்கன்னு போன வாரமே உங்களுக்குத் தெரியுமா?"

மேடம் நீலக் கழுத்தோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். ஆமாம் என்று சொல்லிவிடலாம். கெட்டிக்காரி என்று பெயர் கிடைக்கும்.

"இல்லடா. தப்பாச் சொல்லிட்டேன். அப்புறம்தான் நெனப்பு வந்துச்சு."

"நான் வீட்ல தேவர்தான் தலைன்னு சொன்னேன். அப்பா இல்லவே இல்லைன்னாரு. நான் சாப்பிடாம சண்டை போட்டேன்."

"நீ சொன்னது முதல்ல நடந்தது. அப்பா சொன்னது அப்புறம் நடந்தது."

வக்கீல் யோசித்தாள். விழுந்த பற்களின் இடைவெளி மெல்லத் தெரிந்தது. "அப்ப நான் தோக்கல!"

"தோக்கவே இல்ல."

"அப்பாஆஆ!" என்று வாசலில் காத்திருந்தவரை நோக்கி, தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவள் போல் ஓடினாள்.

மேடம் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். தாளில் மேலே ஏதேதோ எழுதி, நடுவில் நின்றுபோயிருந்தது. அடியில் புதிதாக ஒரு வரி: தேறினார்.

"திங்கட்கிழமை வேலைக்கு வந்துடும்மா" என்றார். "இந்தத் துணி என்கிட்டயே இருக்கட்டும்."

அவள் நன்றி சொல்லக்கூட மறந்து, வாசுகியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பாதித் தெருவில் நின்றாள். தேறினார் என்றுதானே இருந்தது? திரும்பிப் போய்ப் பார்க்கலாமா? கால் ஒரு அடி திரும்பியது. பிறகு, தானாகவே, வீட்டுப் பக்கம் நடந்தது.

மார்ச் 16, சனி. தேறிவிட்டேன். திங்கள் முதல் காப்பகத்தில் வேலை. சித்தியிடம் சொன்னதும், "அப்ப இனிமே மிஷின் வாய்ப்பக்கம் நான்தானா?" என்று அழுதாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு. ராக்கெட் போகும்போது, துருவன் என்ன ஆனான் என்று கேட்டான்.

நாளை: வாசுகியைக் கையால் துவைத்து நிழலில் காயப்போட வேண்டும், மிஷினில் விட்டால் கண் உடைந்துவிடும். வால் பக்கம் கிழிந்த இடத்தைத் தைக்க வேண்டும். துருவனைக் காட்டிலிருந்து கூட்டி வரும் பகுதியைப் படித்து வைக்க வேண்டும்.